கராத்தேக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மாடிப் படியை நீங்கள் எப்போதாவது பின்பக்கமாக இறங்கியிருக்கிறீர்களா? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேல் பக்கம் வைத்துக்கொண்டு, ஏணியில் இறங்கும் கொத்தனாரைப் போல ஒவ்வொரு படியாக? நான் இறங்கியிருக்கிறேன். என்னுடைய நாற்பத்தேழாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலையில், பால் பாக்கெட் எடுத்து வருவதற்காக. எதிரே ஏறி வந்த இரண்டாவது மாடிப் பாட்டியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார்.

வேண்டுதல் இல்லை, கராத்தே.

சிரித்துவிட்டீர்களா? பாதகமில்லை. எங்கள் வீட்டில் சிரிக்காதவர் யாரும் கிடையாது. என் கணவர் மூன்று நாள் சிரித்தார். நான்காவது நாள் அவர் காப்பிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அதற்கப்புறம் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். எங்கள் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது கராத்தே வகுப்பில் சேர்த்தோம். செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டை மாடியில் வகுப்பு. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மற்றத் தாய்மார்களுடன் வெங்காய விலையைப் பற்றி அபிப்பிராயம் பரிமாறிக்கொள்வது என் வேலை. ஒரு நாள் மாஸ்டர், "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு நீங்களும் வந்து நில்லுங்களேன், மேடம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் எழுந்து போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டேன். அப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே!

செவ்வாய்க்கிழமை வகுப்பு. புதன்கிழமை பரவாயில்லாமல் இருந்தது. வியாழக்கிழமைதான் தொடைகள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. பழக்கமில்லாத தசைக்கு வேலை கொடுத்தால் வலி உடனே வராதாம். ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், தானாக வடியுமாம். இது எனக்குத் தெரிந்திருந்தால் அன்று அவ்வளவு கலவரப்பட்டிருக்க மாட்டேன். "இன்றைக்கும் வாருங்கள், ஆனால் பாதி வேகத்தில் செய்யுங்கள்" என்று மாஸ்டர் சொல்லி அனுப்பினார். போனேன். திரும்பி வரும்போது படியை முன்பக்கமாகவே ஏறினேன்.

அதிலிருந்து என் மனத்தில் ஒரு கேள்வி முளைத்தது. வாரத்துக்கு எத்தனை நாள்? ஒவ்வொரு நாளும் எவ்வளவு? சமையலில் உப்பு எவ்வளவு என்று கேட்கிற மாதிரியான கேள்விதான். கேட்பது சுலபம், பதில் அவரவர் கையில் இருக்கிறது.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்த்துவிட்டேன். அந்த வருஷம் நவராத்திரியும் அதைத் தொடர்ந்து ஒரு கல்யாணமும் வந்தன. ஒன்றரை மாதம் சனிக்கிழமை மட்டும்தான் போக முடிந்தது. ஆறு சனிக்கிழமையும் எனக்கு முதல் சனிக்கிழமையாகவே இருந்தன! ஒவ்வொரு தடவையும் அதே வலி, அதே தடுமாற்றம். வலது காலை முன்னால் வைத்தால் எந்தக் கையால் தடுக்க வேண்டும் என்பதைக்கூட மறுபடி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் என்பது, வெந்நீர் போட அடுப்பை ஏற்றி, குமிழி வருவதற்குள் அணைத்துவிடுவது போல.

வெந்நீர் உவமை என் சொந்தச் சரக்கு அல்ல. ஓகினாவாத் தீவிலிருந்து 1922-ல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுவந்த கிச்சின் ஃபுனாகோஷி என்ற பெரியவர், இந்தக் கலையை வெந்நீருக்குத்தான் ஒப்பிட்டார். சூடு காட்டிக்கொண்டே இருக்காவிட்டால் பச்சைத் தண்ணீராகிவிடும் என்பது அவர் கருத்து. எங்கள் மாஸ்டருக்கு இது வேதவாக்கு. வகுப்புக்கு வராதவர்களை எல்லாம் "பச்சைத் தண்ணீர்" என்றுதான் கூப்பிடுவார்.

சரி, நவராத்திரி போயிற்று. வாரத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று, அப்புறம் மூன்று. இரண்டு நாள் போனபோது கற்றது மறக்கவில்லை. மூன்று நாள் போனபோது புதிதாக ஏதோ வந்து சேர்ந்தது. மஞ்சள் பெல்ட் வாங்கினேன். அத்துடன் எனக்குத் தலைக்கனமும் வந்தது. பாத்திரம் கழுவுமிடத்தில், துணி உலர்த்துமிடத்தில், எங்கே நின்றாலும் காற்றைப் பார்த்து ஓங்கி ஒரு குத்து! ஒவ்வொரு குத்தும் முழு பலத்தோடு. ஒரு மாதத்தில் வலது முழங்கை மடக்க முடியாமல் வலிக்க ஆரம்பித்துவிட்டது. தோசைத் திருப்பியைப் பிடிக்க முடியவில்லை. எதிரே தாங்கிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் காற்றை முழு வேகத்தில் குத்தினால், அந்த வேகத்தை எல்லாம் தாங்குவது நம் முழங்கை மூட்டுத்தான்! கை முழுவதும் நீண்டு பூட்டிக்கொள்வதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். உதைக்கும் முழங்காலுக்கும் இதே கதைதான். பத்துக் குத்தில் எட்டு மெதுவாக, வடிவம் பார்த்து. இரண்டு மட்டும் பலமாக. இதை அறிய எனக்கு மூன்று வாரம் இட்லி செய்யவேண்டி வந்தது.

இவ்வளவும் வேடிக்கை. இனி நான் சொல்லப்போவது வேடிக்கை இல்லை.

* * *

என் பெண் என்னைப் போல அல்ல. உடம்பு வில் மாதிரி வளையும். இரண்டே வருஷத்தில் நான்கு பெல்ட் தாண்டிவிட்டாள். கராத்தேயில் 'கட்டா' என்று ஒன்று உண்டு; எதிராளி இருப்பதாகப் பாவித்துக்கொண்டு தனியாகச் செய்யும் அடவு வரிசை. 'குமித்தே' என்பது இருவர் எதிரெதிரே நின்று மோதுவது. இவளுக்குக் குமித்தேதான் உயிர். பதினாலாவது வயதில் மாவட்டப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். அந்தப் பதக்கத்தை நான் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். வருகிறவர்கள் பார்க்க வேண்டாமா? பார்த்தார்கள். "மாநிலப் போட்டி எப்போது?" என்றும் கேட்டார்கள்.

மாநிலப் போட்டிக்கு ஐந்து மாதம் இருந்தது. மூன்று நாள் வகுப்பு நான்கு நாள் ஆயிற்று. காலையில் ஐந்து மணிக்கு ஸ்கிப்பிங் கயிறு, ஓட்டம், உதை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போட்டிக்காரர்களுக்கு மட்டும் தனி வகுப்பு. அவளை நாலரை மணிக்கு எழுப்பியது யார் என்கிறீர்கள்? நான்தான். அலாரம் அடிப்பதற்கு முன்னால் எழுந்து, விளக்கைப் போட்டு, போர்வையை உருவினவள் நான். இதை எல்லாம் மாஸ்டர் தலையில் போட்டுவிடுவது சுலபம். ஆனால் நான் பொய் சொல்லப் போவதில்லை. ஏற்கனவே ஒரு பொய் சொன்னதே போதும். அதைப் பிறகு சொல்கிறேன்.

குமித்தேயில் எடைப் பிரிவு உண்டு. இவள் எடை நாற்பத்தொன்பதரைக் கிலோ. 47 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் இறங்கினால் தன்னைவிட இளைத்தவர்களோடு மோதலாம், ஜெயிப்பது எளிது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இரவுச் சாப்பாடு நின்றது. மத்தியான டப்பாவில் சாதம் பாதியாயிற்று. "பசிக்கலை அம்மா" என்பாள். வளர்கிற குழந்தை, காலையும் மாலையும் உடம்பை முறிக்கிற குழந்தை, பசிக்கவில்லை என்றால் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "எவ்வளவு கட்டுப்பாடு பாருங்கள்!" என்று அடுத்த வீட்டில் பெருமை அடித்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். காஸ் வந்த தேதி, பால் வராத நாள், வேலைக்காரம்மாளுக்குக் கொடுத்த முன்பணம் எல்லாம் அதில்தான். ஓரத்தில் பென்சிலால் சிறிய புள்ளிகளும் இருக்கும். என்ன புள்ளி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரு நிறப் பென்சில், பெண்ணுக்கு ஒரு நிறம். அவளுடைய புள்ளி இரண்டு மாதமாக இல்லை. மூன்றாவது மாதமும் இல்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? 'நல்லதாகப் போயிற்று, போட்டி சமயத்தில் தொந்தரவு இல்லை' என்று நினைத்தேன்.

பெற்ற தாய் நினைத்தது இது. எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களில் யாராவது ஒருத்தி இதே காலண்டரைப் பார்த்து இதையே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

நான்காவது மாதம் கால் வலி வந்தது. இடது கணைக்கால், முன்பக்க எலும்பு. முதலில் ஓடும்போது மட்டும். பிறகு நடக்கும்போதும். பிறகு ராத்திரி படுத்திருக்கும்போதும். நான் தைலம் தேய்த்தேன். "பயிற்சி என்றால் வலி வரத்தான் செய்யும், மேடம்" என்றார் மாஸ்டர். என் தொடை வலித்ததே, அதுபோலத்தான் இதுவும் என்று நானும் நம்பினேன்.

இரண்டும் ஒன்றல்ல. இதைத் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சதை வலி பரந்து இருக்கும், பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், கொஞ்சம் நடமாடினால் இளகும், மூன்று நான்கு நாளில் போய்விடும். இவளுடைய வலி ஒரே இடத்தில் இருந்தது. விரல் வைத்து 'இங்கே' என்று காட்ட முடிந்தது. ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போயிற்று. நாளுக்கு நாள் குறையாமல் ஏறிற்று. அப்படிப்பட்ட வலிக்கு வேண்டியது டாக்டர், தைலம் அல்ல.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் படியில் ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் டாக்டரிடம் போனோம்.

* * *

டாக்டர் ஒரு பெண்மணி. விளையாட்டுக்காரர்களையே பார்க்கிறவர். காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் கேள்விகள் கேட்டார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி? ஒரு காகிதத்தில் நானே கூட்டினேன். காலை ஒன்றரை மணி, ஆறு நாள்: 9. மாலை இரண்டு மணி, நான்கு நாள்: 8. ஞாயிறு 3. ஆக 20. கூட்டி முடித்ததும் எனக்கே திக்கென்றது. அதுவரை நான் அதைக் கூட்டிப் பார்த்ததே இல்லை. பால் கணக்கைப் பைசா சுத்தமாகக் கூட்டுகிறவள் நான்!

"பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. வயது எவ்வளவோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டினால் அடி படுவது அதிகம் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். இவளுக்குப் பதினாலு. நீங்கள் இருபது போட்டிருக்கிறீர்கள்" என்றார். அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் சங்கம், வாரத்தில் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், விளையாட்டுக்கு முழு விடுமுறை கொடுக்கச் சொல்லியிருக்கிறதாம். இவளுக்கு ஒரு நாள்கூட இல்லை.

என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று கேட்டார். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும்; இவள் ஆறு மணி நேரம் தூங்கினாள். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, "கடைசியாக எப்போது மாதவிலக்கு ஆயிற்று?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சரியாக நினைவில்லை, டாக்டர்" என்றேன்.

பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நாலு மாசம் ஆச்சு, டாக்டர். அம்மாவுக்குத் தெரியும். காலண்டர்ல இருக்கு" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரிந்தது. எலும்பில் முடி போன்ற கீறல். ஒரு பெரிய அடியினால் வருவது அல்ல இது. சின்னச் சின்ன அதிர்ச்சி தினமும் விழுந்து, அது ஆறுவதற்குள் அடுத்தது விழுந்து, எலும்பு களைத்துப் போய்க் கீறிவிடுவது. உடம்பு பலப்படுவது பயிற்சி செய்யும்போது அல்ல, செய்துவிட்டு ஓய்வெடுக்கும்போதுதான். பயிற்சி, வீட்டில் சுவரை இடித்துக் கட்டச் சொல்லி உத்தரவு கொடுப்பது போல. கட்டுகிறவன் ராத்திரியில் வருகிறான். அவனுக்குச் செங்கல் வேண்டும், நேரம் வேண்டும். நாங்கள் இரண்டையும் கொடுக்காமல் தினமும் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அந்தப் புள்ளிகள் நின்றதற்கும் காரணம் அதுதான் என்று டாக்டர் விளக்கினார். சாப்பாட்டில் வருகிற சக்திக்கும் பயிற்சியில் செலவாகிற சக்திக்கும் இடையே பள்ளம் விழுந்தால், உடம்பு கெட்டிக்காரக் குடும்பத் தலைவி மாதிரி செலவைச் சுருக்க ஆரம்பித்துவிடும். இதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும். அவற்றைக் குறைக்க முடியாது. ஆகவே 'இப்போதைக்கு அவசியமில்லை' என்று முதலில் நிறுத்துகிறவற்றில் மாதவிலக்கு ஒன்று. அதோடு எலும்புக்குக் காவலாக இருக்கும் ஹார்மோனும் குறைந்துவிடுகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இந்த நிலைமைக்குத் தனியாக ஒரு பெயரே வைத்து எச்சரித்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். ஆனால் அவர்களுக்குக் காலண்டரில் அடையாளம் கிடையாது. நமக்கு இருக்கிறது. மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போகவேண்டும் என்றார். பெண்களுக்கு வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பில் பெரும்பங்கு பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறதாம். பாங்கில் பணம் போடவேண்டிய வயதில் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

எட்டு வாரம் குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, உதைக்கக் கூடாது. மாநிலப் போட்டிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

* * *

வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. பெண் என்னுடன் ஒன்பது நாள் பேசவில்லை. சொந்தக்காரர்கள் வழக்கம் போல, "பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போதே சொன்னோமே" என்று டெலிபோனில் ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதே யாரும் சொல்லவில்லை. பதக்கத்தைப் பார்த்து மூக்கில் விரல் வைத்தவர்கள்தான் அவர்கள்.

எழுபத்தெட்டு வயதான என் மாமியார்தான் அன்று எனக்குத் துணை நின்றார். கராத்தே என்பதை 'கரகாட்டம்' மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். "எதுக்குடி நிறுத்தணும்?" என்றார். "மாட்டுக்குத் தீவனத்தைக் குறைச்சுட்டுப் பாலை மட்டும் கூட்டிக் கறந்தீங்க. அது எலும்பைக் கரைச்சுக் கொடுத்துது. தீவனத்தைப் போடு, கறக்கிறதைக் குறை. மாட்டை ஏன் விக்கணும்?"

ஒலிம்பிக் கமிட்டி பல பக்கங்களில் சொன்னதை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்லிவிட்டார்.

சாப்பாட்டை அவரே கவனித்துக்கொண்டார். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, பதினொரு மணிக்கு டப்பாவில் வேர்க்கடலை உருண்டை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு தோசை, ராத்திரி பருப்புச் சாதம், படுக்கும்போது பால். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தும் குறைவு என்று தெரிந்தது, அதற்கு மாத்திரை. பேச்சில்லாமல் சாப்பிட்டாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் அசைக்காமல், கண்ணை மூடிக்கொண்டு கட்டாவின் கைகளை மட்டும் செய்துகொண்டிருந்தாள், மிக மெதுவாக. நான் சத்தமில்லாமல் திரும்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தானாகவே வந்து கைபேசியில் ஒரு படம் காட்டினாள். 2021-ஆம் வருஷம் ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கில், ஸ்பெயின் தேசத்து சாண்ட்ரா சான்செஸ் கட்டாவில் தங்கம் வாங்கிய காட்சி. "இவங்களுக்கு அப்போ 39 வயசு, அம்மா. எதிரே தோத்தவங்க ஜப்பான் வீராங்கனை" என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. நான் அந்த அம்மாளின் கால்களைப் பார்க்கவே இல்லை. முப்பத்தொன்பது என்ற எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெண்ணுக்குப் பதினாலு. இன்னும் இருபத்தைந்து வருஷம் இருக்கிறது. நான் ஐந்து மாதத்துக்காக அல்லவா அவளை நாலரை மணிக்கு எழுப்பினேன்!

ஃபுனாகோஷிப் பெரியவர் கதையை அப்புறம்தான் தேடிப் படித்தேன். சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை அவர். உடம்பு தேறட்டும் என்றுதான் கராத்தேயில் சேர்ந்தார். மூன்றே மூன்று கட்டாக்களைக் கற்க அவருக்குப் பத்து வருஷம் ஆயிற்றாம். அவருடைய குரு அன்கோ இதோசு, 1901-ல் ஓகினாவாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கராத்தேயைக் கொண்டுவந்தவர். சிறுவர்களுக்குத் தகுந்தாற்போல எளிய கட்டாக்களை அமைத்தவரும் அவர்தான். பிள்ளைகளுக்கு வேறு அளவு என்பது அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நான் இதை மாஸ்டரிடம் சொல்லி, "வெந்நீருக்குச் சூடு வேண்டும் என்றுதானே சொன்னார், அடுப்பை முழுக்கத் திறந்து வைக்கச் சொல்லவில்லையே?" என்று கேட்டேன். மாஸ்டர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நல்ல மனிதர், தமக்கு இளவயதில் யாரும் ஓய்வு கொடுத்ததில்லை என்றும், தம் முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி என்றும் சொன்னார்.

* * *

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். இதுதான் சட்டம் என்று அல்ல, எங்களுக்கு ஒத்துவருகிறது.

பெண்ணுக்கு இப்போது பதினாறு. செவ்வாய், வியாழன், சனி வகுப்பு. இதில் சனிக்கிழமை ஒன்றுதான் முழு மூச்சு. மோதல் எல்லாம் அன்றைக்கு. வியாழக்கிழமை மெதுவாக வடிவத்தைத் திருத்துவதோடு சரி. நடுவில் ஒரு நாள் வீட்டிலேயே அரை மணி உடற்பயிற்சி. போட்டி வருகிறது என்றால் ஆறேழு வாரத்துக்கு முன்னிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். கடைசி வாரம் குறைத்துவிடுவார்கள். போட்டி முடிந்தால் ஒரு வாரம் கராத்தே என்ற பேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒருபோதும் கிடையாது. எடைக்காகப் பட்டினி கிடையாது. தராசு எந்தப் பிரிவைச் சொல்கிறதோ அந்தப் பிரிவு. போன வருஷம் 54 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் இறங்கி இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டு வந்தாள். வழியில் பரோட்டா வேண்டும் என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கு வாரத்துக்கு இரண்டு நாள், மனசும் மூட்டும் ஒத்துழைத்தால் மூன்று. ஒரு பலமான வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நாற்பத்தெட்டு மணி நேர இடைவெளி. பெண்ணுக்கு ஐந்து நிமிஷத்தில் உடம்பு சூடேறும். எனக்குப் பதினைந்து நிமிஷம் வேண்டும். அதை வெட்கப்படாமல் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சியின்போது ஒரு வாக்கியம் பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இதுதான் என் அளவுகோல். பேசவே முடியாவிட்டால் அன்றைக்கு நான் என் வயதை மறந்துவிட்டேன் என்று அர்த்தம். சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடி மாலையிலும் தோசைக்கல் மாதிரி இருக்கும். அந்த இரண்டு மாதமும் வகுப்பைக் காலைக்கு மாற்றிக்கொள்வோம்.

"எனக்கு நாற்பது ஆகிவிட்டது, சேரலாமா?" என்று என்னைப் பல பேர் கேட்கிறார்கள். ரத்தக்கொதிப்போ மூட்டு உபாதையோ இருந்தால் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும். முதல் வியாழக்கிழமை வரும். படியைப் பின்பக்கமாக இறங்குங்கள். "அந்த நாட்களில் போகலாமா?" என்றும் ரகசியமாகக் கேட்கிறார்கள். உடம்புக்குச் சௌகரியமாக இருந்தால் தாராளமாகப் போகலாம். அசௌகரியமாக இருந்தால் படுத்துக்கொள்ளலாம். வருகிறதா என்று கவனித்துக்கொள்வதுதான் முக்கியம். என் பெண்ணுடைய புள்ளி திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று. வந்த அன்று அவளே போய்ப் பென்சிலை எடுத்துப் புள்ளி வைத்துவிட்டு, சமையலறையில் இருந்த என்னைப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டாள். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கட்டுரை நீண்டுவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை, மணி ஐந்தே கால். காலையில் பெய்த மழையில் கொடியில் கிடக்கும் வெள்ளை உடுப்பு இரண்டும் இன்னும் காய்ந்தபாடில்லை. பெண்ணுடையதை முதலில் இஸ்திரி போட்டுக் கொடுக்கவேண்டும். என்னுடையதை ஈரத்தோடு போட்டுக்கொள்ளலாம். கடைசி வரிசையில் நிற்கிறவளை யார் பார்க்கப் போகிறார்கள்?